நான் பூசிய எண்ணெய்

என் மனைவியின் தலையில் கைவைத்து, "சர்க்கரை போய்டுச்சும்மா. இனிமே ஊசி போட்டா அது அவிசுவாசம்" என்று சொன்னவர் எங்கள் பாஸ்டர். திருவான்மியூரில் ஒரு மாடி ஹாலில் கூடும் சின்னச் சபை. அவள் இன்சுலினை நிறுத்தினாள். கால் கறுத்தது, பிறகு அவளே போய்விட்டாள். நான் சபையை விடவில்லை, மூப்பர் பொறுப்பையும் விடவில்லை. ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மன்னித்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

சென்ற ஆண்டு ஒரு காலையில் பாஸ்டரம்மா போன் செய்தார். "ஐயா, நெஞ்சப் புடிச்சுக்கினு உக்காந்துகீறாரு. மூப்பர் வந்து எண்ணெ பூசினாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன்றாரு. சீக்கிரம் வாங்க."

வியாதிப்பட்டவர் மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்வது வேதம் சொல்லும் முறை. பாஸ்டருக்கும் அதுதான். அன்று அதிகாரம் என் கையில்.

தெருவில் ஆட்டோ தயாராக நின்றது. அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. நெற்றியில் எண்ணெய் தொட்டு வைத்து அனுப்பியிருக்கலாம். கல்லூரியில் பாடம் எடுத்த வாய் எனக்கு. குருடன், திமிர்வாதக்காரன், நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரன் என்று இயேசு குணமாக்கிய ஒவ்வொருவராகச் சொல்லி ஜெபத்தை நீட்டினேன்.

வாசலிலிருந்து ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார். "இன்னா சார், இன்னும் முடியலயா? சாமியே எறங்கி வந்துடும் போலகீதே."

கடைசியில் பாஸ்டரின் தலையில் கைவைத்தேன். "போய்டுச்சு பாஸ்டர். இனிமே ஆஸ்பத்திரிக்குப் போனா அது அவிசுவாசம்."

அவர் பதறுவார், அவர் விசுவாசத்தின் லட்சணம் மனைவி எதிரிலேயே அம்பலமாகும் என்று காத்திருந்தேன். அவர் கண்ணைத் திறந்து, "ஆமென்" என்றார். பிறகு மனைவியிடம், "ஆட்டோவ அனுப்பிடு" என்றார்.

அவர் நடிக்கவில்லை. என் மனைவியிடம் சொன்னபோதும் நடித்திருக்கவில்லை.

"நீங்க சொன்னா கேப்பாரு, சொல்லுங்கய்யா" என்று பாஸ்டரம்மா என் கையைப் பிடித்தார். உண்மைதான், கேட்டிருப்பார். வாய் வரவில்லை என்று எழுதினால் பொய். சொல்ல எனக்கு மனமில்லை. ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

மதியத்துக்குள் அவர் இறந்தார்.

நடந்ததைப் பாஸ்டரம்மா யாரிடமும் சொல்லவில்லை. பெசன்ட் நகர் கடற்கரையில் எதிரே வந்தால், "ஸ்தோத்திரம் ஐயா" என்று நின்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். அவர் ஒருநாள் என்னைத் திட்டுவார் என்றுதான் தினமும் மாலையில் அந்தப் பக்கம் நடக்கப் போகிறேன்.