மண் பட்டதென்று நான் சொன்னேன்

எனக்கு எண்பத்து நாலு வயதாகிறது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுப்போனது. எல்லாரும் ஒரே சட்டிச் சோறுதான் தின்றார்கள். படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். தப்பிருந்தால் இருக்கட்டும். எங்கள் வீட்டில் குஸ்திப் பேச்சு வந்தால் எல்லாரும் என் வீட்டுக்காரர் கதையைத்தான் சொல்கிறார்கள். என் பங்கை ஒருத்தரும் சொல்வதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

என் அப்பா மதுரைக்கு மேற்கே தோட்டந்துரவோடு இருந்தவர். வீட்டுக்குப் பின்னால் குஸ்தி பழக ஒரு கோதா வைத்திருந்தார். கோதா என்றால் இடுப்பளவு வெட்டி மண் நிரப்பிய களம். செம்மண்ணைக் கல், முள் இல்லாமல் சலித்து, நல்லெண்ணெயும் மஞ்சளும் மோரும் விட்டுக் கிளறவேண்டும். சலிப்பது என் வேலை. என் கைபட்ட மண்ணில் விழுந்து எவனுக்கும் ஒரு சிராய்ப்பு வந்ததில்லை. அந்த மண்ணில் பழகிய ஒருவருக்குத்தான் அப்பா என்னைக் கட்டிக்கொடுத்தார். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அவருக்கு முழங்கால் பிசகிவிட்டது. பிறகு குஸ்தி பிடிக்கப் போகவில்லை, மத்தியஸ்தம் பார்க்கப் போனார்.

அந்தக் காலத்தில் டிக்கெட் போட்டு நடத்துகிற குஸ்திக் கம்பெனிகள் ஊர் ஊராக வரும். மைதானத்தைச் சுற்றித் தகரம் அடைத்து, நடுவில் கோதா வெட்டி, ஆண்களுக்குப் பலகை போட்ட காலரி கட்டுவார்கள். பெண்களுக்கு ஓர் ஓரமாகக் கயிறு கட்டித் தரையில் பாய். மதுரைக்கு எந்தக் கம்பெனி வந்தாலும் என் வீட்டுக்காரரைத்தான் மத்தியஸ்தத்துக்குக் கூப்பிடுவார்கள். காக்கி அரைக்கால் சட்டை, வெள்ளைப் பனியன், கழுத்தில் விசில். அந்தப் பனியனை நீலம் போட்டு வெளுத்துக் கொடுப்பது நான்தான். அவர் நிற்கிற நிற்பைப் பார்த்தாலே கூட்டம் அடங்கும்.

மத்தியஸ்தம் என்பது நின்று பார்க்கிற வேலையில்லை. அடியில் கிடக்கிறவனுடைய இரண்டு தோளும் ஒரே சமயத்தில் மண்ணில் பட்டால் அவன் தோற்றான். கண் மூடித் திறக்கிற நேரம் பட்டாலும் தோல்விதான். அப்புறம் அவன் மலையையே புரட்டினாலும் கணக்கில்லை. அதனால் என் வீட்டுக்காரர் கன்னம் மண்ணில் உரசப் படுத்துவிடுவார். தோளுக்கும் மண்ணுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். வெளிச்சம் இருந்தால் ஆட்டம் இருக்கிறது. வெளிச்சம் போனால் விசில்.

நான் சொல்ல வந்தது இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய வருஷங்களில் ஒரு மார்கழியில் நடந்தது. என் மூத்த மகள் அப்போது கைக்குழந்தை. தை பிறந்ததும் அழகர்கோவிலில் மொட்டையடித்துக் காது குத்துவதாக இருந்தோம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி. பிள்ளையை அவன் தூக்கித் திரிந்ததில் பாதி நாள் அவள் அவன் தோளிலேயே தூங்கிவிடுவாள்.

அந்தத் தம்பியும் பயில்வான்தான். கம்பெனியில் கடைசி நாள் குஸ்தி அவனுக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பயில்வான் ஒருவருக்கும். ஜெயித்தவரைக் கொழும்புக்குக் கூட்டிப்போவதாகக் கம்பெனி முதலாளி சொல்லியிருந்தார். தம்பி பயணத்துக்குப் பெட்டி கூட வாங்கிவிட்டான்.

கோதாவில் இறங்கும் முன்பே தஞ்சாவூர்க்காரர்கள் சத்தம் போட்டார்கள்.

"மச்சான் ஆடுறதுக்கு மச்சானே மத்தியஸ்தமா? நல்லா இருக்கே நியாயம்!"

என் வீட்டுக்காரர் விசிலைக் கழற்றி நீட்டினார். "வேற ஆளு வச்சுக்கங்க. எனக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல."

தஞ்சாவூர்ப் பயில்வானுடைய வாத்தியார் வயசாளி. அவர் விசிலை வாங்கித் திரும்ப என் வீட்டுக்காரர் கழுத்திலேயே போட்டுவிட்டார். "ஒங்களப் பத்தி விசாரிச்சுட்டுத்தான் வந்தோம். பாருங்க," என்றார்.

நான் பாயில் முன்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோதா மண் நான் உட்கார்ந்த பாய் மட்டத்துக்கு இருந்தது. காலரியில் இருக்கிறவர்களுக்கு மேலிருந்து முதுகும் தலையும்தான் தெரியும். எனக்கு மண்ணோடு மண்ணாகத் தெரிந்தது.

வெகுநேரம் ஒருத்தரை ஒருத்தர் அசைக்க முடியவில்லை. பிறகு தஞ்சாவூர்க்காரர் தம்பியின் காலை வாரினார். தம்பி மல்லாந்தான். தலையை ஊன்றி வில்லாக வளைந்து தாங்கினான். தோளுக்கு அடியில் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. மேலே இருந்தவர் அமுக்கினார். கோடு மெலிந்தது. போய்விட்டது. இரண்டு தோளும் பட்டது. நான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் விசில் ஊதினார். அந்தச் சத்தம் அடங்குமுன் தம்பி ஒரு உதறு உதறி அவரைத் தூக்கிப் புரட்டி, மல்லாக்கப் போட்டு, நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

காலரி முழுவதும் எழுந்து நின்றது. விசில் தம்பிக்குத்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். துண்டும் தலைப்பாகையும் பறந்தன. அப்பா அந்த வயதில் காலரியிலிருந்து ஓடிவந்து கோதாவில் குதித்து, தம்பியைக் கட்டிப்பிடித்து, தன் துண்டாலே அவன் முதுகை வழித்துத் துடைத்துவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. ஜெயித்தவன் நாலு பக்கமும் திரும்பி முதுகைக் காட்ட வேண்டும் என்பது வழக்கம். தோற்றவன் தோளில் மண் அப்பியிருக்கும். அது ஊருக்கே சாட்சி. அந்தச் சாட்சியை அப்பா சந்தோஷத்தில் துடைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் போய்த் தஞ்சாவூர்க்காரர் கையைத் தூக்கினார்.

"இவர்தான் ஜெயிச்சது. விசிலு மச்சான் தோளு பட்டதுக்கு. பெறகு போட்டது கணக்குல வராது."

அவ்வளவுதான். சோடா பாட்டில் ஒன்று வந்து கோதாவில் விழுந்தது.

"மண்ணு எங்கய்யா? முதுகக் காட்டு!"

"சொந்த மச்சான் மேல என்னய்யா பொறாமை?"

"அண்ணே, வீட்டுல சோறு போடலயா?"

அப்பா அவர் எதிரில் போய் நின்றார். "மாப்ள, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஊரே பாத்திருக்கு."

"ஊரு மேல இருந்து பாத்துச்சு மாமா. நான் கீழ இருந்து பாத்தேன்."

அப்பா சுற்றிலும் பார்த்தார். என்னைக் கண்டார். அவர் முகம் தெளிந்துவிட்டது. கையை நீட்டிச் சொன்னார்: "அந்தா எம் மக உக்காந்திருக்கா. கோதா மண்ணு சலிச்சு வளந்தவ. அவளும் கீழ இருந்துதான் பாத்தா. அவ சொல்லட்டும். அவ சொன்னா நான் ஒத்துக்கிறேன்."

காலரியில் சிரித்தார்கள். "பொம்பளையா தீர்ப்புச் சொல்றது?" என்று ஒருவன். "புருசன விட்டுக் குடுப்பாளா?" என்று இன்னொருவன். "கூடப் பொறந்தவன மட்டும் விட்டுக் குடுத்துருவாளாக்கும்?" என்று அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன். பிறகு ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் எனக்கு வேண்டிய பக்கம்தான் என்பது அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது போல.

தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை அவனைப் பார்த்து "மாம்" என்று கையை நீட்டினாள். நான் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அவ்வளவு ஆம்பிளைகள் முன்னால் வாயைத் திறந்து எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் குரல் நடுங்கவில்லை. அதை இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன்.

"பட்டுச்சு. ரெண்டு தோளும் பட்டுச்சு. தம்பி புரட்டிப் போட்டது அதுக்குப் பெறகுதான்."

தஞ்சாவூர் வாத்தியார் பெண்கள் பக்கம் வந்து என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தம்பி சட்டையைக் கூட எடுக்காமல் ஏறிப் போனான். போகும்போது, "நீயெல்லாம் ஒரு அக்கா!" என்றான். அப்பா சொன்ன சொல்லை மாற்றவில்லை, தோல்வியை ஒத்துக்கொண்டார். ஆனால் என்னைத் தாண்டும்போது நின்று, "காதுகுத்துக்கு வேற தாய்மாமனப் பாத்துக்க," என்றார்.

ஜட்கா வண்டியில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் விசிலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "நீ சும்மா இருந்திருக்கலாம். எனக்குத் தெரியலன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கலாம்," என்றார்.

"நீங்க சும்மா இருந்தீகளா?"

"அது என் வேலை."

"என்னையக் கேட்டாக. கேட்டபெறகு அது என் வேலை."

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. பிள்ளை காதைத் தடவிக்கொண்டே வந்தேன்.

தை பிறந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு நான் மட்டும் அப்பா வீட்டுக்குப் போனேன். அம்மா மோர் கொடுத்தாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தம்பி பின்னால் கோதாவில் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. தட்டைக் கோதா விளிம்பில் வைத்தேன்.

"தம்பி, முறையோட அழைக்க வந்திருக்கேன். நீ வந்தா குத்துறது. வரலைன்னா பிள்ள காது மூளியாவே கெடக்கட்டும். வேற மடி கெடையாது."

வாய்க்குள் எண்ணிக்கொண்டே தண்டால் எடுத்தவன் ஓரிடத்தில் எண்ணிக்கையை விட்டான். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். நான் வந்துவிட்டேன்.

அழகர்கோவிலில் பதினெட்டாம்படி முன்னால் பொங்கல் வைத்து, மொட்டையும் அடித்தாயிற்று. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. என் மாமியார், "ஒன்னுவிட்ட தம்பி ஒருத்தன் வந்திருக்கான்ல, அவன் மடியில வச்சுக் குத்திட்டுப் போவோம். எம்புட்டு நேரம் காத்துக் கெடக்கிறது?" என்றாள். நான் மாட்டேன் என்றேன். என் வீட்டுக்காரரும், "அவ சொன்னா சொன்னதுதான், ஆத்தா," என்று சொல்லி மர நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆசாரி எழுந்து துண்டை உதறும்போது ஒரு மாட்டுவண்டி வந்தது. தம்பிதான் ஓட்டிக்கொண்டு வந்தான். உள்ளே அம்மா, சீர்த் தட்டுகள், ஒரு ஆட்டுக்கிடா. அப்பாவும் வந்திருந்தார். ஆனால் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தம்பி இறங்கி நேரே வந்தான். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நான் பிள்ளையை அவன் மடியில் வைத்தேன். அவள் அவன் மீசையைப் பிடித்து இழுத்தாள். ஆசாரி இரண்டு காதிலும் குங்குமத்தால் பொட்டு வைத்து ஊசியை எடுத்தார்.

"ஆசாரி, கொஞ்சம் பொறுங்க," என்றான் தம்பி. "ரெண்டு பொட்டும் நேரா இருக்கான்னு எங்க அக்கா பாக்கட்டும். அவ கண்ணுக்குத் தப்பாது."

நான் குனிந்து பார்த்தேன். வலது பக்கம் ஒரு எள்ளளவு மேலே இருந்தது. சொன்னேன். "நாப்பது வருசமா குத்துறேன், எனக்குத் தெரியாதா?" என்று ஆசாரி முனகினார்.

வண்டியிலிருந்து அப்பா குரல் வந்தது, திரும்பாமலேயே. "அழிச்சுட்டு வையிங்க ஆசாரி. எம் மக சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஆசாரி பொட்டை அழித்து வைத்துக் குத்தினார். பிள்ளை வீறிட்டு அழுகிற சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காதபடி தம்பி சொன்னான்: "பட்டுச்சுக்கா. எனக்குத் தெரியாதா? முதுகு என்னோடதுதான."

அவன் கொழும்புக்குப் போகவில்லை. ஆனால் மறுவருஷம் அதே களத்தில் என் வீட்டுக்காரர் அவன் கையைத் தூக்கினார். அன்றைக்கு ஒரு பயலும் மச்சான் மத்தியஸ்தம் என்று வாயைத் திறக்கவில்லை. அதற்கு அவர் மட்டும் காரணமில்லை, நானும்தான். அப்புறம் எந்தக் கம்பெனி வந்தாலும் பெண்கள் பக்கம் முன்வரிசையில் எனக்கு இடம் விட்டு வைத்திருப்பார்கள். சிக்கலான பிடி வந்தால் காலரியிலிருந்து எவனாவது, "அந்தக்காவக் கேளுங்கப்பா!" என்று கத்துவான். நான் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேசாமல் இருப்பேன். மத்தியஸ்தம் அவர் வேலை. கேட்டால் சொல்வேன், அவ்வளவுதான்.

கை வலிக்கிறது, போதும். எய்யா பேராண்டி, இங்கே வா. கண்ணாடி போட்டும் என் எழுத்து எனக்கே தெரியவில்லை. முதலிலிருந்து வாசி பார்ப்போம். நீயாக எதையும் சேர்க்காதே, விடாதே. நான் எழுதியது எழுதியபடி, சத்தமாக.