சந்தானம் டீ குடிப்பதில்லை

“ரூட் நாலு, டோல் தாண்டிட்டியா ணா? ஸ்வல்ப வேகமா வா.” போனைத் தோளில் இடுக்கியபடியே, கொலையுண்ட ஒருவருக்குப் பிடித்த சட்னியைத் தட்டச்சு செய்கிறார் சரளா அக்கா.

எலெக்ட்ரானிக் சிட்டியில், ஊழியர்களை ஏற்றி இறக்கும் கார்களைக் கவனிக்கும் ஒரு கம்பெனியின் கேப் டெஸ்க். அடுத்த நாற்காலி என்னுடையது. வெங்கடசுப்ரமணியன் எழுதிய ‘துப்பறியும் அச்யுத்’ நாவல்கள் பதினான்குக்கும் இணையத்தில் ஒரு கேலிக் கலைக்களஞ்சியம் நடத்துகிறார் அக்கா. ‘அச்யுத் தொலைத்த குடைகள்: பதினொன்று. கண்டுபிடித்தவை: இல்லை.’ பிணங்களுக்கும் தனித்தனிப் பதிவு உண்டு. “செத்தவங்கள முதல் சாப்டர்லயே மறந்துடறாங்க. பாவம் இல்ல?” கொலையாளி பெயரை எங்கும் சொல்லமாட்டார். பக்க எண் இல்லாமல் ஒரு வரியும் ஏற்றமாட்டார். “நம்பர் இல்லன்னா அது வதந்தி பா.”

மிக நீளமான பதிவு சந்தானத்துக்கு. எல்லா நாவலிலும் சிவாஜிநகர் முனையில் டீக்கடை வைத்திருப்பவர். ‘தான் போடும் டீயைத் தானே குடிப்பதில்லை. இதைவிட நேர்மையான விமர்சனம் கிடையாது.’

போன மாதம் பதினைந்தாவது நாவலை, அச்சுக்கு முன் பிழை பார்க்கச் சொல்லி நாவலாசிரியரே அக்காவுக்கு அனுப்பினார். நான்காம் அத்தியாயத்தில் சந்தானம் விஷம் கலந்த டீயைக் குடித்துச் சாகிறார். அக்கா அன்று டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. “என் வேலை தப்பு பாக்கறது. ஆளக் காப்பாத்தறது இல்லயே” என்றார் என்னிடம். சொல்லி முடிப்பதற்குள் முகம் மாறியது. உடனே ஆசிரியருக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில்.

“சார், சந்தானம் டீயே குடிக்கமாட்டாரு.”

“யாரும்மா சொன்னா?”

“நீங்கதான். ஆறாவது நாவல், நாப்பத்தோராம் பக்கம்.”

மறுமுனையில் சிரிப்பு. “அட ராமா! சரி, பால்ல கலந்துடறேன்.”

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

“பாலும் அவருக்கு ஒத்துக்காது சார்.”

“அது எந்தப் பக்கம்?”

ரூட் நாலு டிரைவர் இன்னொரு போனில் அடித்துக்கொண்டேயிருந்தார். அக்கா எடுக்கவில்லை.

“தேடிச் சொல்றேன் சார்.”



“வேண்டாம்மா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். பொழச்சுப் போகட்டும். வேற யாரையாவது பாக்கறேன்.”

போனை வைத்ததும் அக்கா சந்தானத்தின் பதிவைத் திறந்து, ‘பால் ஒத்துக்கொள்ளாது’ என்று ஒரு வரி சேர்த்தார். பக்க எண்ணுக்கான கட்டத்துக்கு வந்ததும் விரல்கள் நின்றன. அதைக் காலியாகவே விட்டு, சேமித்தார்.