மடக்கிய விரல்

மல்லிகை துளிர்க்கும்போது முதலில் கண்ணில் படுவது பச்சை இல்லை, ஒரு மங்கலான மஞ்சள். வெட்டிவிட்ட குச்சியில், கணுவுக்குப் பக்கத்தில், எள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் போல ஒரு புடைப்பு. இரண்டு நாள் கழித்து அது பிளந்து, எலிக்குஞ்சின் காதளவில் இரண்டு இலைகள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. மதினி ஈர மண்ணில் முழங்கால் பதித்து, கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்து, ஒவ்வொரு தூராகப் பார்த்துக்கொண்டு போவாள். நானும் பின்னாலேயே முழங்காலில் போவேன். எனக்கு அப்போது எட்டு வயது. பாவாடை முழுக்கச் சேறாக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. ஒத்தக்கடைப் பக்கம், யானைமலை அடிவாரத்தில் பூப் பயிரிடுகிற வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வரும்போது பித்தளைக் குடம், பாய், தலையணையோடு ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டு மல்லிகைக் கன்றும் கொண்டுவந்தாள். சிம்மக்கல்லை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. பின்பக்கம் வைகையைப் பார்த்துச் சரிகிற ஒரு துண்டு நிலம் இருந்தது. அடுப்புச் சாம்பலும் உடைந்த பானையும் கொட்டுவதற்குத்தான் அதை வைத்திருந்தோம். அவள் வந்த முதல் வருடமே அது தோட்டமாகிவிட்டது. மல்லிகை பதினோரு தூர், வேலியோரம் கனகாம்பரம், கிணற்றடியில் மருக்கொழுந்து, மூலையில் முறைத்துக்கொண்டு நிற்கிற ஒரு பன்னீர் ரோஜா. இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு மூன்று, நான்கு வருடம் முந்திய கதை இது.

வசந்த காலம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லை வாயில் போட்டதில்லை. "மாசி பாதி போச்சு" என்பார்கள், அவ்வளவுதான். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, அந்தப் பனி விடிகாலையில் ஆற்றிலிருந்து எழும்பித் தோட்டத்துக்குள் வந்து உட்காரும். கிணறு தெரியாது, வேலி தெரியாது. அதற்குள்ளே மதினியின் வளையல் சத்தம் மட்டும் கேட்கும். வெயில் ஏறினால் பனி எங்கே போனதென்றே தெரியாது. பகலில் மண் சுடத் தொடங்கியிருக்கும். வேப்பமரம் பழுத்த இலையெல்லாம் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் கொழுந்து விட்டிருக்கும். எங்கிருந்தோ ஒரு குயில் தொண்டையைச் சரிசெய்துகொள்ளும். அந்த நாட்களில் நான் நடந்தேனா மிதந்தேனா என்று இப்போது கேட்டால் சத்தியமாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்த வருடம் தோட்டம் அப்படி இனிமையாகத் தொடங்கவில்லை. பூக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. தை மாதம் மல்லிகைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். மிச்சமிருக்கிற இலையையும் உருவிப் போட்டு, கொஞ்ச நாள் தண்ணீர் காட்டாமல் காயவிட வேண்டும். கவாத்து என்பார்கள். வெட்டினால்தான் பங்குனியில் பூ. இல்லாவிட்டால் இலைதான். பொங்கல் கழிந்த மறுவாரம் மதினி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, சின்ன அரிவாளால் பதினோரு தூரையும் மொட்டையடித்துவிட்டாள். அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் தான் முழுகாமல் இருப்பதை அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா சந்தோஷப்பட வாயைத் திறந்தவள், விரல்விட்டு மாதத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு அப்படியே மூடிக்கொண்டாள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பச்சைச் செடியில் கத்தி வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் யாரும் மீறாத பேச்சு.

"ஏத்தா, தெரிஞ்சேதான் வெட்டுனியா? நாள் தள்ளிப்போனது தெரியாமயா இருந்துச்சு?"

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சா வெட்டுன? உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

மதினி எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அன்று ஒரே ஒரு தடவை பேசினாள். "போன வருசம் நீங்க சொன்னீகன்னு வெட்டாமத்தான அத்தை இருந்தேன். நின்னுச்சா?"

போன வருடம் நான்காம் மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்திருந்தது. செடிகளும் அந்த வருடம் வெறும் இலையாய் மண்டிக்கிடந்தன. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய், காரணமே இல்லாமல் ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதால் அது போய்விடுமா? சாப்பாட்டு நேரத்தில், தண்ணீர் சேந்தும்போது, தலை வாரும்போது எல்லாம் எங்கள் நடுவில் வந்து நின்றுகொண்டது.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். பிஞ்சையும் மொட்டையும் விரல் நீட்டிக் காட்டக் கூடாது என்பது ஊரெல்லாம் உள்ள வழக்கம். காட்டினால் அழுகி விழுந்துவிடும். காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் விரலை மடக்கி முட்டியால் காட்ட வேண்டும். பூசணிப் பிஞ்சுக்கும் புடலம் பிஞ்சுக்கும் அம்மா அப்படித்தான் காட்டுவாள். எனக்கும் தெரியும். நான் என்ன தெரியாத பிள்ளையா? ஆனால் மாசிக் கடைசியில் ஒரு காலை, பனி பாதி விலகியிருந்த நேரம், கிணற்றுக்குப் பக்கத்துத் தூரில், நுனியில், அரிசி மணி அளவில் வெள்ளையும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் ஒன்றைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மதினி! மொட்டு! மொத மொட்டு! அந்தா!"

விரல் ஈட்டி மாதிரி நீண்டிருந்தது. மதினி ஓடிவந்து என் விரலைத் தன் உள்ளங்கைக்குள் பொத்தி மடக்கினாள். திட்டவில்லை, சிரித்தாள். "விரலை மடக்கு தாயி" என்று மட்டும் சொன்னாள்.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வீட்டில் பட்டுநூல் நெசவுக் குடும்பம். அவர்கள் வீட்டுக்குள் அவர்களுடைய பாஷை, எங்களோடு தமிழ். அந்த வீட்டு அக்கா, சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னடி காலையிலேயே சத்தம்? உங்க வீட்ல ஏதும் விசேஷமா?" என்று கேட்டாள். அவள் கேட்டது சாதாரணமாகத்தான். என் வாய் சும்மா இருக்குமா? "ஆமாக்கா! மதினி வயித்துல பாப்பா இருக்கு, பாருங்க!" என்று, மடக்கின அதே விரலை மறுபடியும் நீட்டி, நேராக மதினியின் வயிற்றைக் காட்டினேன். மதினியின் கை சட்டென்று முந்தானையை இழுத்து வயிற்றை மறைத்தது. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண்ணில் இல்லை.

மூன்றாம் நாள் அந்த மொட்டு பழுப்பாகித் தரையில் கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு போய் மதினியிடம் காட்டினேன். "மொத மொட்டு நிக்காது தாயி. செடி பழகிப் பாக்குறது அது. பின்னால வாரதுதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் எந்த முதல் மொட்டைப் பற்றிச் சொன்னாள் என்று யோசிக்கிற வயது எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். நான் இரண்டைக் காட்டினேன். ஒன்று விழுந்துவிட்டது. இன்னொன்று பாக்கி.

சிரிக்காதீர்கள். எட்டு வயதுப் பிள்ளையின் நெஞ்சில் விழுந்த பயத்துக்கு எந்தத் தராசும் கிடையாது. பழைய சேலைத் துணியைக் கிழித்து வலது கை ஆள்காட்டி விரலை மடக்கிக் கட்டிக்கொண்டேன். கேட்டவர்களிடம் கதவில் நசுங்கிவிட்டது என்றேன். கட்டின விரலோடுதான் சோறு பிசைந்தேன், சிலேட்டில் இடது கையால் எழுதினேன். இடது கையால் எழுதுகிறாயா என்று பள்ளிக்கூடத்தில் அடிகூட வாங்கினேன். இரவில் விரல் தானாக நீண்டுவிடக் கூடாதே என்று கையைத் தலையணைக்கு அடியில் கொடுத்துப் படுப்பேன்.

வெளியிலோ, நான் படுகிற பாடு எதுவும் தெரியாதது போலத் தோட்டம் கண் திறந்துகொண்டிருந்தது. பங்குனி பிறந்தது. வேம்பு பூத்து, கிணற்றுத் தண்ணீரின் மேல் பொரிப்பொரியாய் மிதந்தது. குனிந்து பார்த்தால் வானத்தில் பூ தூவியது போல இருக்கும். தேன்சிட்டு ஒன்று ரோஜாவைச் சுற்றிச் சுற்றி வந்து ஏமாந்து போகும். மல்லிகைத் தூர் ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாக மொட்டு. சாயங்காலம் ஆற்றுக் காற்று வந்தால் வீடே பூ வாசத்தில் தூக்கம் பிடித்தாற்போல் மெத்தென்று ஆகிவிடும். அம்மாகூட அரிசி புடைக்கிற முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அந்த வாசம் இப்போதும் எப்போதாவது கனவில் வருகிறது. வந்தால், விழித்த பிறகும் கொஞ்ச நேரம் நான் எந்த வீட்டில் இருக்கிறேன் என்று தெரிவதில்லை.

மதினி மட்டும் மாறிப்போயிருந்தாள். செடிகளோடு ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்கிறவள், வாயே திறப்பதில்லை. மத்தியான வெயிலில் தூருக்குத் தூர் நடுவே உட்கார்ந்து, கையை வயிற்றில் வைத்து, எதையோ கேட்பதற்குக் காத்திருப்பவளைப் போல அசையாமல் இருப்பாள். நான் பக்கத்தில் போனால் பார்ப்பாள், சிரிப்பாள், மறுபடியும் அந்தக் காத்திருப்புக்கே போய்விடுவாள். என்மேல்தான் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பங்குனி நடுவில் ஒரு நாள், வெயில் ஏறுவதற்குள் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தோம். நான் இடது கையால் தடுமாறிப் பறித்ததைப் பார்த்துவிட்டு, மதினி பூப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

"விரலுக்கு என்னத்தா? ரெண்டு வாரமா கட்டித் திரியிற. இங்க கொண்டா."

நான் கையைப் பின்னால் ஒளித்தேன். அவள் பிடித்து இழுத்துத் துணியை அவிழ்த்தாள். உள்ளே காயமும் இல்லை, வீக்கமும் இல்லை. வேர்வையில் ஊறி வெளுத்துப்போன ஒரு விரல் மட்டும் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

"நான் விரலை நீட்டிட்டேன் மதினி. மொட்டையும் காட்டுனேன், உங்க வயித்தையும் காட்டிட்டேன். மொட்டு விழுந்துருச்சு. பாப்பாவும் விழுந்துருமா மதினி?"

என்னை இழுத்து அணைத்துக்கொண்டு சமாதானம் சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உதடு கோணிக்கொண்டு வந்தது.

"ஆத்தாடி, நீ விரலைத்தான நீட்டுன? நான் கத்தியவே வச்சேனே. பதினோரு தூர் வெட்டுனேனே. எனக்கு எம்புட்டுப் பயமா இருந்திருக்கும்?"

பெரியவர்கள் பயப்படுவார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். என் அழுகை நின்றுவிட்டது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னைக்கு விடியக்காலம் உள்ள ஏதோ தட்டுனாப்புல இருந்துச்சு. நெசந்தானா, எனக்கா அப்பிடித் தோணுதான்னு தெரியல. உங்க அண்ணன்கிட்டகூடச் சொல்லல. வெரலைக் குடு."

"வேணாம் மதினி."

"குடுங்கறேன்ல. மடக்காத. நல்லா நீட்டு."

என் விரலை நிமிர்த்தி, தொப்புளுக்குக் கீழே சேலை மேல் வைத்து, தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தேனீக்களின் சத்தம் மட்டும் கேட்டது. அவள் வயிற்றைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிவு சொல்லப் போகிறவரின் வாயைப் பார்ப்பதுபோல.

"தெரியுதா?"

"தெரியுது மதினி. உதைக்குது."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, "மீனாட்சித் தாயே" என்று ஒரு மூச்சு விட்டாள் பாருங்கள், அந்த மூச்சு இன்னும் என் கன்னத்தில் சுடுகிறது. அன்றைக்குத்தான் அண்ணனிடம் சொன்னாள். அம்மாவிடமும் சொன்னாள். அம்மா அன்று பறித்த பூவை நெருக்கித் தொடுத்து, தானே மதினியின் தலையில் வைத்துவிட்டாள். ஆடியில், ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த வாரம், பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, அதைவிட நல்ல குரல்.

தோட்டம் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் சரக்கு இறக்குகின்றன. மதினி போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. கடைசிவரை, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "என் மகள் மொத மொத உதைச்சது அவ அத்தை வெரலத்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் மூன்று பெற்றவள். ஐந்தாம் மாதத்துத் துடிப்பு சேலைக்கு மேல் வைத்த ஒரு விரலுக்கு எட்டுவது அத்தனை சுலபமில்லை என்பது எனக்குத் தெரியும். அன்று என் விரலுக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. சேலையின் சூடு மட்டும்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் வேறென்ன சொல்வேன்?

போன பங்குனியில் அண்ணன் மகள் வந்திருந்தாள். அவளுக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்த விரலைத் தடவியபடி, "நெசமாவே உதைச்சேனா அத்தை?" என்று கேட்டாள்.

"ஆமாத்தா" என்றேன். "எம்புட்டு பலமா உதைச்ச தெரியுமா."