வெள்ளை இமை

மகள் வகுப்பில் பேசுவதற்கு மாங்கபே குரங்கைத் தேர்ந்தெடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் ஓநாய், பனிக்கரடி என்று எடுத்திருக்க, என் பிள்ளைக்குக் குரங்குதானா கிடைத்தது?

நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் குசினி மேசையில் ஒரு வாரம் அந்தக் குரங்குக் கதையோடுதான் சாப்பிட்டோம். ஆபிரிக்காவின் மழைக்காடுகளில், சதுப்பு நிலம் பார்த்து வாழுமாம். புகை படிந்த சட்டியின் நிறம், உடம்பளவு நீள வால், கன்னத்துக்குள் சாப்பாட்டை அடக்கி வைக்கப் பை. மற்ற மிருகங்கள் கைவிட்ட கொட்டைகளை நிலத்தில் தேடி எடுத்துப் பல்லாலேயே உடைக்கும். அதன் மேலிமை வெள்ளை. புருவத்தைத் தூக்கி இமையைக் காட்டினால் கிட்ட வராதே என்று எதிரே நிற்பது விளங்கிக்கொள்ளும்.

"நீங்களும் இப்பிடித்தான் கதைக்கிறனீங்கள், அம்மா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய்யில்லை. விருந்துக்குப் போனால் பலகாரத் தட்டு வந்ததும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் தட்டைப் பார்ப்பதில்லை, தாயின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் இமையை இறக்கினால் ஒன்று எடுக்கலாம். புருவம் ஏறினால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். என் தாய் என்னை அப்படித்தான் வளர்த்தார். நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பிறகு ஆசிரியையைச் சந்திக்க நானும் மகளும் போனோம். மகள் வரைந்த மாங்கபே மேசையில் கிடந்தது. நன்றாகப் பேசினாள் என்று ஆசிரியை புகழ்ந்தார். பிறகு லைர்ஸ்கூலேக்கு, வகுப்போடு ஒரு வாரம் காட்டு முகாமில் தங்க, வர விருப்பமா என்று அவளிடமே கேட்டார். அவள் அதுவரை ஓர் இரவுகூட என்னைப் பிரிந்து படுத்ததில்லை.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். என் புருவம் தன்பாட்டில் ஏறிவிட்டது.

"நெய் தக்" என்றாள் அவள். வேண்டாம், நன்றி. பலகாரத் தட்டுக்குச் சொல்லும் அதே மரியாதையோடு.

ஆசிரியை சரி என்று தலையாட்டினார். மேசையிலிருந்த குரங்கு வெள்ளை இமையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இன்னொரு தரம் கேளுங்கள் என்று ஆசிரியையிடம் எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு, முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

ஆசிரியை கேட்டார். அவள் போகமாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இஞ்சை பாருங்கோ."

திரும்பினேன்.

"நான் போகப்போறன்."

எனக்குக் கண் முட்டிவிட்டது. தண்ணீர் விழாமலிருக்க இமையை இறக்கினேன். அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஆசிரியையிடம் திரும்பினாள். நானும் திருத்தவில்லை.