இஸ்பேட் பத்து இல்லாத மிஷின்

மாலக்கி டியர்னியைப் பற்றிப் பேச எனக்கு அருகதையே கிடையாது. இருந்தும் பேசுகிறேன். பேசாமல் இருந்தால் அது இன்னும் கேவலம்.

சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்திலிருந்து பீப்பாய் ஏற்றிவரும் இரட்டைக் குதிரை வண்டிக்காரன். ஆள் மலை மாதிரி இருப்பான். குதிரைகளிடம் மட்டும் மரியாதையாகப் பேசுவான். மத்தியானம் ஆனால் ஃபோல்சம் தெருவில் நான் வேலை பார்த்த சுருட்டுக் கடைக்கு வந்துவிடுவான். மேசைமேல் சீட்டு மிஷின் இருந்தது. ஐந்து சென்ட் போட்டுப் பிடியை அமுக்கினால், கண்ணாடிக்குப் பின்னால் சீட்டுகள் சடசடவென்று சுற்றி ஐந்து மட்டும் நிற்கும். நல்ல சீட்டு விழுந்தால் சுருட்டு தருவோம். இஸ்பேடிலேயே ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து ஐந்தும் விழுந்தால் நூறு சுருட்டு. பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது.

அந்த இஸ்பேட் பத்து மிஷினுக்குள் கிடையாது. முதலாளி கெஸ்லர் சொன்னார் என்று குறடு வைத்து உருவி எடுத்தவனே நான்தான்.

மாலக்கிக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. நான்காவதாக மனைவி நோரா முழுகாமல் இருந்தாள். பிள்ளை பிறந்தால் அப்பன் குதிரை லாயத்தில் ஆளுக்கொரு சுருட்டு நீட்டுவது வண்டிக்காரர்கள் வழக்கம். நீட்டாதவனைச் சாகும்வரை குத்திக் காட்டுவார்கள்.

"நீட்டப்போறேன்னு சொல்லிச் சொல்லி மூணு முறையும் ஏமாந்துட்டேன் பார்ட்லி. இந்தத் தடவை அந்த நூறு சுருட்டையும் அடிச்சு, மொத்த லாயமும் புகையில மூழ்கணும்" என்பான்.

"பத்து வந்துடும் அண்ணே, விடாதீங்க" என்பேன். பாவி!

ஒரு நாள் இஸ்பேட் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி வரிசையாக நின்றன. ஐந்தாவது சீட்டு பாதியில் மடங்கிச் சிக்கிக்கொண்டது. மாலக்கி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான். அதற்குள் தெருவில் குதிரை மிரண்டதென்று கூப்பாடு. ஓடிப்போனவன் அன்று திரும்பவில்லை. நான் கண்ணாடியைத் தட்டினேன். விழுந்தது கிளாவர் ஏழு.

மறுநாள் காலையிலேயே வந்து நின்றான்.

"பொண்ணு பொறந்திருக்காடா. அழறா! நல்லா சத்தமா அழறா!" என்றவன், கையை விரித்து ஒற்றை ஐந்து சென்டைக் காட்டினான். "இது கடைசிக் காசு. லாயத்துக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

என் நாக்கு என்னை மீறிப் புரண்டது. "அண்ணே, நேத்து நீங்க போனப்புறம் அந்தச் சீட்டு விழுந்துச்சு. பத்துதான்."

நூறு சுருட்டை எடுத்து நீட்டினேன். மாலக்கி மேசைமேல் தலை கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். பாவத்தைக் கழுவிவிட்டோம் என்று நான் நிம்மதியாக நின்றேன், முட்டாள்.

சாயங்காலம் கெஸ்லரிடம் உள்ளதைச் சொன்னேன். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் மோவாயைத் தடவினார். "வாயை மூடிட்டு இரு. நாளைக்குப் பாரு" என்றார்.

மறுநாள் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. முப்பது வண்டிக்காரர்கள், நடுவில் மாப்பிள்ளை போல மாலக்கி. டூலன் என்கிற இளவட்டம் என் எதிரில் வந்து நின்றான்.

"ஏம்ப்பா, நெசமாவே பத்து விழுந்துச்சா? இல்ல இவன் கப்சா விடறானா?"

மாலக்கி என் தோளில் கை போட்டான். "இவன் சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியவா போகுது? நூறையும் அமுக்கியிருக்கலாம். கூப்பிட்டுக் குடுத்தான்யா! இவனை மாதிரி நேர்மையான பய இந்த ஊர்ல கிடையாது."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பின்கதவருகே கெஸ்லரும் பார்த்தார். உண்மையைச் சொன்னால் மாலக்கி மானம் போகும் என்று பயந்ததாகப் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் வேலை போகும் என்றுதான் பயந்தேன்.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றேன்.

ஓவென்று கத்தினார்கள். ஆளாளுக்கு டாலரை நீட்டிச் சில்லறை கேட்டார்கள். முதல் காசைப் போட்ட டூலனுக்கு ஏஸும் ராணியும் விழுந்தன. மாலக்கி அவன் முதுகில் தட்டினான்.

"மத்ததெல்லாம் வந்துடும்டா. பத்துக்குத்தான் பொறுமை வேணும். வர்ற வரைக்கும் விடாதே."

நான் தலை நிமிராமல் சில்லறை மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.