மைசம்மா நடக்கும் வழி

ஹைதராபாத் குகட்பள்ளியில் நாங்கள் வாங்கிய கீழ்த்தள வீட்டுக்குப் பின்னால், காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு மைசம்மா கல் இருந்தது. மேலே இருக்கும் ஏரிக்கரையைக் காக்கிற அம்மன். அவள் எதிரிலிருந்து பின்சந்துக்கு இறங்குகிற பாதையில் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்பது அந்தச் சந்துப் பெண்களின் கட்டுப்பாடு. மழைக்காலத்தில் அம்மன் அந்த வழியாகத்தான் நடந்து போவாளாம்.

எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி மகா புத்திசாலி. பாதையை மறித்துச் சுவர் எழுப்பி, இரும்புத் தகட்டில் கேட் போட்டு, பூட்டும் போட்டார். அம்மனின் போனாலு திருவிழாவன்று மட்டும் திறப்பாராம். சாமிக்கு விசிட்டிங் அவர்ஸ்!

போனாலு முடிந்த மறுவாரம், மத்தியானம், மழை பிடித்துக்கொண்டது. கணவர் மாதாப்பூர் ஆபீஸில். ஏரி வழிந்து தண்ணீர் அம்மன் பக்கமாக இறங்கி, கேட்டில் முட்டி, எங்கள் வீட்டுக்குள் ஏறியது. வாசல் கதவு ஈரத்தில் ஊதி இறுகிவிட்டது. நான் உள்ளிருந்து இழுக்கிறேன், மாடிக்காரர்கள் வெளியிலிருந்து தள்ளுகிறார்கள், அசையவில்லை. ஜன்னலெல்லாம் கம்பி. மகளைச் சமையல் மேடைமேல் ஏற்றினேன். தண்ணீர் என் இடுப்புக்கு வந்துவிட்டது. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துத் தெலுங்கில், "அம்மா, பயமேஸ்துந்தி" என்றாள். எனக்கும்தான்டி கண்ணே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"கேட் சாவி! கேட் சாவி!" என்று கத்தினேன்.

"சாவி செக்ரட்டரிகிட்ட இருக்கு. அவர் ஆபீஸ்ல இருக்கார்" என்றது ஒரு மாடிக்குரல். நாசமாய்ப் போக!

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பின்சந்துப் பெண்களின் குரல்கள். "ஜருகண்டி! ஜருகண்டி!" 'நகருங்கள்' என்று திருப்பதியில் கேட்டால் எரிச்சல் வருகிற வார்த்தை. பூட்டின்மேல் கடப்பாரை விழுந்தது. கேட் படாரென்று திறந்தது. தண்ணீர் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கியது. வெட்கமில்லாமல் அழுதேன்.

மாடிக்காரர்கள் கதவை உதைத்துத் திறந்த பிறகுதான் உறைத்தது. ஐயோ, கேட்டுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்களின் வீடுகள் அல்லவா! இத்தனை வெள்ளத்தையும் தங்கள் வாசலுக்கே திறந்துவிட்டிருக்கிறார்கள். மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பதறி ஓடினேன். சந்தின் நடுவே தண்ணீர் சீறிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. அவர்கள் பாதையில் ஒரு செங்கல்கூட வைக்கவில்லையே.

சாயங்காலம் செக்ரட்டரி வந்தார். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

"பூட்டை உடைச்சது யாரு?"

"நான்தான்" என்றேன். "திரும்பப் பூட்டினா, திரும்ப உடைப்பேன்."