ரிவர்ஸில் ஏறிய செல்வமணி அக்கா

செய்தி வந்தபோது குண்டசாலை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். செல்வமணி அக்காவின் மருமகள் கௌரி குரல் பதிவு அனுப்பியிருந்தார். "தம்பி, அத்தை காலையில போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, டவுனுக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கிறோம். வந்துருங்க." இரண்டு தரம் கேட்டேன். மூன்றாம் தரம் கேட்பதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் என் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதிவிட்டான்: 'டிராக்டர் அக்கா காலமானார். இனி மடுல்கெல்ல காட்டுப் பாதை மூடப்படும்.'

மூடப்படுமாம்! அக்காவைத் தெரிந்தவர்களே, அந்த ஒற்றை வரிக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்து வீடுகளிலிருந்து பைனஸ் காட்டுக்குள்ளே இறங்கி பஸ் ரோட்டுக்கு வரும் வழி அது. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பிள்ளைத்தாச்சிகளும் அதில்தான் இறங்குகிறார்கள். அது இல்லையென்றால் ஃபெக்டரி ரோட்டைச் சுற்ற வேண்டும். அங்கே ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். காட்டுப் பாதையில் ஒவ்வொரு மழைக்கும் மரம் விழும், மானாப்புல் மூடும், ஓரத்து வடிகால் கான் உடைந்து தண்ணீர் நடுப்பாதையில் ஓடும். அத்தனையையும் ஒரு பழைய டிராக்டரை வைத்துக்கொண்டு சரி செய்தவர் அக்கா. அவருடைய கணவர் தோட்டத்து டிராக்டர் டிரைவர். தோட்டம் கழித்துப்போட்ட வண்டியை அவர்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் இறந்த பிறகு சீட்டில் ஏறி உட்கார்ந்த அக்கா, இறங்கவே இல்லை.

நான் கண்டி டவுனில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறவன். லீவு நாளில் மூடுபனியைப் படம் பிடிக்கப் போனவன், பின்பக்கமாகவே மலையேறும் ஒரு டிராக்டரைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதை எடுத்து, கோமாளி இசை சேர்த்து, 'கியர் மறந்த அக்கா' என்று தலைப்பு வைத்துப் போட்டேன். பிய்த்துக்கொண்டு ஓடியது! மறு வாரமே ஆள் தேடி வந்தது. அக்கா கூப்பிடுகிறாராம். போனேன், பயந்துகொண்டேதான்.

"நீதான் பாட்டுப் போட்டவனா?"

"ஆமாங்க்கா. அழிச்சிடுறேன்."

"ஏன் அழிக்கிற? பாட்டு நல்லாத்தானே இருந்துச்சு. பாதையை எடுக்காம விட்டுட்டியேடா கழுத. என் மூஞ்சிய யார் பாக்கணும்னு கேட்டா? கான் வெட்டி வச்சிருக்கேன் பாரு, அதை எடு."

அன்றைக்கு நான் ரசிகன் ஆனேன். வெட்கமில்லாத ரசிகன்.

ஏன் ரிவர்ஸ் என்று கேட்டேன். கேலியாக இல்லை, நிஜமாகவே. அக்கா வண்டியின் மூக்கில் தட்டிக்காட்டினார். "இவனுக்கு முன்பக்கம் கனம் பத்தாது. மூக்கைத் தூக்கிக்கிட்டு ஏறுனா மல்லாக்க விழுவான், நான் அடியில கெடப்பேன். பின்னால போனா விழ மாட்டான். இன்னொண்ணு, கொக்கி எங்க இருக்கு?" பின்னால் இருந்தது. விழுந்து கிடக்கும் மரத்தை முதலில் தொடுவது கொக்கிதான். சங்கிலியை மாட்டி, முன் கியர் போட்டு, இறக்கத்தில் இழுத்தால் மரம் திரும்பிப் பாதையோரமாகப் படுத்துவிடும். கியர் மறந்தவராம்! நான்தான் எழுதினேன், அந்த மடத்தனத்தை.

அக்காவின் வீடு கீழே, பஸ் ரோட்டோடு. அவருக்கு அந்தப் பாதை தேவையே இல்லை. பிறகு ஏன் இந்தப் பாடு என்றதற்கு, அட்டை ஏறிய காலில் உப்பைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். "சுடுகாடு மேலதானே இருக்கு. நாளைக்கு நான் போற வழியை நான்தான் பாத்துக்கணும்."

இப்போது அந்த ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்டோரக் காணியைப் புதிதாகக் குத்தகைக்கு எடுத்தவர்கள், 'இது பாவனையில் இல்லாத, யாரும் போகாத ஒற்றையடித் தடம்' என்று சொல்லிப் பாதையை அடைக்கப் பார்த்தார்கள். பிரதேச சபையிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். நல்ல மனிதர், தமிழும் பேசினார். "வண்டி ஒண்ணு மேலே வரைக்கும் போனா பாவனையில உள்ள பாதைன்னு எழுதுறேன்" என்றார். அக்கா வண்டியை முடுக்கினார். வழக்கம்போல ரிவர்ஸில். பின்னாலேயே நாங்கள் மூச்சு வாங்க நடந்தோம். உச்சிக்கு வந்ததும் குத்தகைக்காரர்களின் மெனேஜர் கையைத் தூக்கினார்.

"இது செல்லாது சேர். வண்டி ஏறவே இல்ல. முகம் பூராவும் கீழேதான் பாத்துக்கிட்டிருந்திச்சு. நேரா ஏறிக் காட்டச் சொல்லுங்க."

அக்கா சீட்டைவிட்டு எழும்பவில்லை. "நீங்க எங்க நிக்கிறீங்க தொரை?"

"மேலே."

"நான்?"

மெனேஜர் உத்தியோகத்தர் பக்கம் திரும்பினார்.

"முகம் எங்க பாக்குதுன்னு என்னா கணக்கு? டயரு எங்க நிக்குதுன்னு பாருங்க. நேரா ஏறி நான் செத்தா, அப்பறம் பாதைக்கு எழுதித் தருவீங்களா?"

உத்தியோகத்தர் சிரித்துவிட்டார். எழுதினார். ஆனால் ஒன்று சொன்னார்: மழைக்குப் பிறகு இன்னொரு தரம் வந்து பார்ப்பேன், அன்றைக்கும் வண்டி மேலே வரவேண்டும். அந்த இரண்டாம் தரத்துக்கு முன்னால்தான் அக்கா போய்விட்டார்.

மறுநாள் மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கினோம். பாதி வழியில் குறுக்கே ஒரு பைனஸ் மரம். யார் போட்டது என்று எனக்குத் தெரியாது. காற்று மரவாளால் அறுக்காது என்பது மட்டும் தெரியும். அடிமரம் மேசைப் பலகை மாதிரி வழவழவென்று இருந்தது. தப்பு மேளம் அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சுற்றிப் போவோம் என்றார் ஒரு பெரியவர். கௌரி வீட்டுப் பக்கமாக இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சத்தம் கேட்டது. நமக்கெல்லாம் தெரிந்த அந்த இருமல் சத்தம்! பெட்டியோடு மேட்டில் ஒதுங்கி வழி விட்டோம். கௌரி, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி, ரிவர்ஸில் ஏறிவந்தார்.

"தம்பி, என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? கொக்கியை மாட்டுங்க. அத்தைக்கு நேரமாகுது."

மாட்டினேன். முதல் இழுப்பில் சங்கிலி வழுக்கியது. "இன்னும் அடியில சுத்துங்க!" என்று கத்தினார். மறுபடி மாட்டினேன். மரம் முனகிக்கொண்டு திரும்பி ஓரத்தில் படுத்தது. தப்பு மறுபடி அடித்தது. அக்கா தான் பார்த்து வைத்திருந்த வழியிலேயே மேலே போனார்.

ஏன் வீடியோ இல்லை என்று நூறு பேர் கேட்டுவிட்டீர்கள். கையில் கொக்கி இருந்தது, அதனால்தான் இல்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கொக்கி வேலைதான். வண்டி ஓட்ட எனக்குத் தெரியாது, ஆனால் சங்கிலியை அடியில் சுற்றத் தெரியும். அந்தப் பழைய வீடியோவை அழிக்கவில்லை, அக்கா அழிக்க வேண்டாம் என்றாரே. தலைப்பை மட்டும் இந்தப் பதிவின் தலைப்பாக மாற்றிவிட்டேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை உத்தியோகத்தர் இரண்டாம் தரம் வருகிறார். கௌரி சீட்டில் இருப்பார், நான் கொக்கிப் பக்கம் நிற்பேன். மெனேஜரும் தாராளமாக வரலாம். வண்டியின் முகம் கீழேதான் பார்க்கும். நாங்கள் மேலே நிற்போம்.